சிலோனுக்கு ஆள் வேணும்

என் புருஷனை விறகுக்கட்டையால் அடித்தவளின் தோளை நான் கடித்திருக்கிறேன். மயிலாப்பூரில் மடிசஞ்சியாக வளர்ந்தவள் செய்கிற காரியமா என்று என் மன்னி கேட்டாள். அவள் புருஷனை நாலு பேர் அடிக்கட்டும், அப்புறம் பேசலாம்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். இவர் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, ஜனங்களை சிலோனுக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டும் தொழிலில் இறங்கியிருந்தார். போட் மெயில் ரயிலில் இடம், தனுஷ்கோடியிலிருந்து கப்பல், கண்டியில் சத்திரம், நுவரெலியாவுக்குப் போக கார் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிப் பிடித்துவிட்டார். மாடவீதி மாமாக்கள் சமுத்திரம் தாண்டலாமா என்று இழுத்தார்கள். "அனுமார் தாண்டலையா? சீதை இருந்த அசோகவனத்தையே காட்டறேன், வாங்கோ" என்றதும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் வெளியே ஒரு வாய் சாப்பிடமாட்டார்களாம். சமையல் சாமான் முழுக்கக் கூடவே வரவேண்டும். அதைச் சுமக்க ஒரு ஆள் வேண்டும்.

ஆள் தேடி அடையாற்றுப் பாலத்தை ஒட்டியிருந்த குடிசைகளுக்கு ஜட்காவில் போனோம். இவருக்குப் பேசத் தெரியாது என்றுதான் நானும் கூடப் போனேன். போய் என்ன புண்ணியம்? நான் இறங்கிப் புடவையைச் சரிசெய்வதற்குள், விறகு பிளந்துகொண்டிருந்த ஒரு வாலிபனிடம் வாயை விட்டுவிட்டார்.

"சிலோனுக்கு ஆள் வேணும்ப்பா. வரயா? சாப்பாடு, துணி, கப்பல் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"வரேன் சாமி" என்றான் அவன்.

குடிசைக்குள்ளிருந்து அவன் அம்மா பாய்ந்து வந்தாள். பிளந்து கிடந்த கட்டையை எடுத்தாள். முதல் அடி புருவத்தில் விழுந்தது.

"இன்னாடா சொன்னே? சிலோனுக்கு ஆளா? என் பெரிய புள்ளைய இட்டுக்கினு போனவனும் இதேதான்டா சொன்னான்! சோறு, துணி, கப்பலு! ஒருத்தனை முழுங்கினது பத்தலியாடா, கங்காணி நாயே?"

கங்காணி என்றால் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளைப் பிடித்துப்போய் அங்கே வேலை வாங்குகிறவன். சர்க்கார் அதைத் தடுத்தும் திருட்டுத்தனமாக நடக்கிறது என்று பேச்சு. கோட்டும் குடையுமாகப் போய் நின்று, இவர் ஒரு வார்த்தை பிசகாமல் அவன் பாட்டையே பாடியிருக்கிறார்!

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் குடிசைகள் காலியாயின. குடையைப் பிடுங்கி அதனாலேயே அடித்தார்கள். கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். ஒருவன் தலைமுடியைப் பிடித்து முகத்தை மண்ணில் தேய்த்தான். இவர் வாயைத் திறந்தால் ரத்தம்தான் வந்தது. செத்துவிடுவார் என்றே நினைத்தேன். கட்டையோடு நின்றவளின் கொண்டையைப் பற்றி இழுத்தேன். அவள் என்னை அறைந்ததில் காது கிண்ணென்றது. அப்போதுதான் கடித்தேன்.

"கூலி பிடிக்க வரலைடீ! ஊர் பாக்கப் போறோம்! வேடிக்கை பாத்துட்டு பத்து நாள்ல திரும்பிடுவோம்டீ!"

ஓங்கிய கட்டை அப்படியே நின்றது.

"திரும்பியா? அங்கேர்ந்து திரும்பி வரலாமா?"

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவனை அனுப்பமாட்டேன், பெரியவனை மட்டும் பார்த்து வாருங்கள் என்று அழுதாள். அவன் பெயரைச் சொன்னாள். எந்தத் தோட்டம் என்று அவளுக்குத் தெரியாது. கிழிந்த உதட்டோடு இவர் "பாக்கறேம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இவரை நானே இன்னும் இரண்டு போட்டிருப்பேன்.

விலாவில் கட்டுப்போட்டுக்கொண்டுதான் சிலோனுக்கு வந்தார். நுவரெலியா போகும் வழியில், ஆட்கள் தென்பட்ட சரிவுகளில் எல்லாம் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, விலாவைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைக் கத்தினார். அசோகவனத்துக்கு நேரமாகிறது என்று மாமாக்கள் முணுமுணுத்தார்கள்.

ஒரு தோட்டத்தில் மூன்று பேர் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடிவந்தார்கள். மூவருக்கும் அதே பெயர். ஒருவனும் பட்டணத்துக்காரன் இல்லை. வேலையை விட்டு ஓடியதற்காகப் பின்னாலேயே கம்போடு வந்த கங்காணி, கடைசியில் நின்றவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க ஆத்தா அனுப்புச்சாளா, சாமி?" என்று கேட்டான்.