கடைசி பெஞ்சில் ஆரோக்கியம் அண்ணன்

முகாம்வாழ் பெருமக்களுக்கும் பங்கு மக்களுக்கும் ஓர் அறிவிப்பு: திண்டிவனத்தில் எங்கள் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஓர் இடம் காலியாக உள்ளது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஆரோக்கியம் அண்ணன் வரத் தாமதமானதும், நான் எழுந்து நின்று இப்படித்தான் முழங்கினேன். வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் மிஷன் சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். புதிதாக வந்த ஒரு பையனைச் சேர்ப்பதற்கான கடிதம் வாங்க விழுப்புரம் போன அண்ணன், அங்கே பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவே இல்லையாம்.

ஆரோக்கியத்தைப் பெயரில் மட்டும் வைத்திருந்த மனிதர். மிஷனில் அவர் வேலை உங்களுக்குத் தெரியும். மன்னாரிலிருந்து எங்களைப் போலப் படகில் வந்த பிள்ளைகளோடு, ‘போதும், போங்க’ என்று பிள்ளையே சொல்லும்வரை வகுப்பில் கூட உட்கார்ந்திருப்பது. நாற்பத்தைந்து வயதில், முட்டி பெஞ்சில் இடிக்க, நோட்டும் பேனாவுமாக. நான் அவரைப் போகச் சொல்லவே இல்லை. எட்டாவதோடு நின்றவர், என் தயவில் ஒன்பதாவது படிக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

வகுப்பைச் சிரிக்க வைப்பதில் முதல் நாளே நான் தேறிவிட்டேன். வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டதும், முகாம் அட்டையை நீட்டிக்கொண்டு சாரின் மேசைக்கே போய் நின்றேன். முகாமில் பெயர் வாசித்தால் அதுதான் வழக்கம். போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எல்லோரும் சிரித்தபோது, அண்ணன் பின்னாலேயே வந்து தன் டிரைவிங் லைசென்ஸை நீட்டினார். “என் பேரையும் ஒரு தபா பாத்துக்குங்க சார், வுட்டுப்போச்சு.” சிரிப்பெல்லாம் அவர் பக்கம் போய்விட்டது.

இரண்டாம் வாரம் பெயர் வாசிக்கும் முன்பே நழுவி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அண்ணன் மூச்சிரைக்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஓடறதுன்னா சொல்லிட்டு ஓடு தம்பி, நானும் வர்றேன். எனக்கு மட்டும் கணக்கு புரியுதா இன்னா?”

“உங்கட பேரை அங்க வாசிக்க மாட்டினம் அண்ணை” என்றேன்.

“நீ வந்துட்டியான்னு பாக்கத்தான்பா வாசிக்கறாங்க. புடிச்சிக்கினு போவ இல்ல.”

அடக்கம் முடிந்ததிலிருந்து, சார் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் என் காது அடைத்துக்கொள்கிறது. இப்போது ஓடினால் பஸ் ஸ்டாண்டுக்கு யார் வருவார்? ‘நாளைக்கும் போவாய்தானே’ என்று அம்மா தினமும் கேட்கிறார். ‘ஓம்’ என்கிறேன்.

அண்ணன் கடிதம் வாங்கப் போன அந்தப் பையன், நிரோஷ், திங்கட்கிழமை எங்கள் வகுப்பில் சேர்ந்தான். அண்ணன் வேலையை இனி நான் பார்க்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த இடம்தான்.

வியாழக்கிழமையே நிரோஷ், “போதும், நீ முன்னுக்குப் போ” என்றான். அவன் நன்மைக்காகத்தான் நான் போகவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. பெயர் வாசிக்கும்போது அவன் கணீரென்று “உள்ளேன் ஐயா” என்கிறான். என் முறை வரும்வரை, பெஞ்சுக்கடியில் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான்.