‘அண்ணன் சீர்’ என்று வெட்டிய மிக்ஸி

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. இதுவரை எழுதியதெல்லாம் பிள்ளைகளுக்கான லீவு லெட்டர்கள்தான். அவற்றைத் தவிர ஒரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அது ஒரு மிக்ஸிக்காக எழுதியது. அந்தக் கதையை வாயால் சொல்லச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கடைக்காரர்களிடம் எனக்குப் பேச வராது. ஓட்டல் சாம்பாரில் உப்பு அதிகமாக இருந்தால் பேசாமல் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வருவேன். அளவு சின்னதான ஒரு செருப்பை, திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, ஒரு வருடம் போட்டு நடந்திருக்கிறேன்.

என் தங்கை அமராவதிபுதூரில் வீடு கட்டி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தாள். அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு நான் ஒருவன்தான். சீராக ஒரு மிக்ஸி தருவதாகச் சொல்லியிருந்தேன். அவள் மாமியார் சீர்ச் சாமான் ஒவ்வொன்றையும் சபையில் எடுத்துப் பார்ப்பார். பாத்திரம் என்றால் தட்டிப் பார்ப்பார். மிக்ஸி என்றால் ஓட்டித்தான் பார்ப்பார்.

ஆடித் தள்ளுபடி முடிகிற அன்று காரைக்குடியில் ஒரு கடையில் மிக்ஸியை வாங்கினேன். எங்கள் பக்கம் எவர்சில்வர் எதுவும் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் வராது. நானும் கடையிலிருந்து நேராகப் பாத்திரக் கடைக்குப் போய், மூன்று ஜாரிலும் தங்கையின் இனிஷியலைப் போட்டு, அதற்குக் கீழே ‘அண்ணன் சீர்’ என்று வெட்டி வாங்கி வந்தேன். ஓட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

பால்காய்ப்புக்கு இரண்டு நாள் முன்னால் என் மனைவிதான் பெட்டியைப் பிரித்தாள்.

“ஓட்டிப் பாக்காமக் குடுத்துட்டு, அங்கன போயி எல்லாருக்கும் முன்னால முழிக்கப் போறீகளா?”

தேங்காயைப் போட்டு ஓட்டினாள். அது முனகியது, கருகிய வாடை அடித்தது, நின்றுவிட்டது.

“நாளைக்கே கொண்டுபோயி மாத்திட்டு வாங்க” என்றாள்.

“நீயும் வாயேன்.”

“நான் வந்தா நான்தான் பேசுவேன். தங்கச்சி உங்களுக்கா எனக்கா?”

பேச வராது என்று தெரிந்ததால், அன்று சாயங்காலமே எழுதிவைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த முறையில், அனுப்புநர், பெறுநர் என்று ஆரம்பித்தேன். ‘பொருள்: ஓடாத மிக்ஸியை மாற்றித் தர வேண்டுதல்.’ மகளின் சமூக அறிவியல் புத்தகத்தில் நுகர்வோர் பாடம் இருந்தது. பழுதான பொருளைக் கடைக்காரர் சரிசெய்து தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து எழுதினேன். மனைவி வாங்கிப் படித்தாள்.

“கீழ்ப்படிதலுள்ளன்னு முடிச்சிருக்கீக. அவரு என்ன உங்க வாத்தியாரா?”

எழுதியதை அடித்துத் திருத்த மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் பள்ளத்தூரில் பஸ் ஏறினேன். மடியில் மிக்ஸி, கையில் மனைவி டிபன் டப்பா வைத்துக் கொடுத்த பை. கடையில் கவுண்டரில் இருந்தவரிடம் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைச் சத்தமாகவே படித்துவிட்டார். பக்கத்தில் ஃபேன் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, “நல்லா எழுதியிருக்கீகளே, இன்னொருக்க படிப்பா” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“தள்ளுபடிச் சாமான மாத்துறதில்லண்ணே. பில்லுலயே போட்டிருக்கு. வேணும்னா மதுரைக்கு சர்வீஸுக்கு அனுப்புவோம். இருபது நாளாகும்.”

“நாளைக்குப் பால்காய்ப்பு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் மிக்ஸியைச் செருகி, வெறும் ஜாரை வைத்துத் திருகினார். அது ஜோராக ஓடியது.

“நல்லாத்தானண்ணே ஓடுது?”

வேறொரு நாளாக இருந்தால் அப்போதே பெட்டியைக் கட்டியிருப்பேன். ஆனால் சபையில் தங்கை தலைகுனிந்து நிற்பது கண்ணுக்குள் வந்தது. நகராமல் நின்றேன்.

“வெறும் ஜாரு ஓடுறது ஒரு ஓட்டமாப்பா?” என்றார் ஆச்சி. “ஏதாச்சும் போட்டு அரைச்சுக் காட்டு.”

அரைக்க எதுவும் இல்லையே என்று பையைத் துழாவினேன். மதியச் சாப்பாடு என்று நான் நினைத்திருந்த டிபன் டப்பாவில் தேங்காய்ச் சில்லு, பொட்டுக்கடலை, இரண்டு பச்சை மிளகாய் இருந்தன. அதைப் போட்டதும் மிக்ஸி முனகி நின்றது. வாடை உள்ளறை வரைக்கும் போக, முதலாளியே எழுந்து வந்துவிட்டார்.

அவர் ஜாரைத் திருப்பிப் பார்த்தார். “பேர் வெட்டிட்டீகளே! ‘அண்ணன் சீர்’னு போட்டத நான் யாரு தலையில கட்டுறது?”

“ஊருல அண்ணன்மாருக்கா பஞ்சம்?” என்றார் ஆச்சி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எனக்குப் பேச்சும் வந்துவிட்டது.

“பேரு ஜார்லதான வெட்டியிருக்கு, மோட்டார்ல வெட்டலையே. ஜாரு எனக்கே இருக்கட்டும், மோட்டார மட்டும் மாத்திக் குடுங்க. வெலையத்தான தள்ளுபடி பண்ணுனீக, ஓட்டத்தையுமா தள்ளுபடி பண்ணுனீக?”

ஒரு கடையில் நின்று நான் அவ்வளவு பேசியதே இல்லை. முதலாளி என்னையும் கடிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இதை லெட்டர்ல எழுதலையே?”

“இப்பத்தான் தோணுச்சு.”

அவர் சிரித்துக்கொண்டே புதுப் பெட்டி ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். என் ஜாரை அந்த மோட்டாரில் வைத்து அரைத்தோம். சட்னி வெண்ணெயாக அரைபட்டது. ஆச்சி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து, “உப்பில்ல” என்றார்.

கிளம்பும்போது இன்னொரு காரியமும் செய்தேன். புது மோட்டாரின் நம்பரை பில்லிலும் வாரண்டி அட்டையிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார்கள். கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று முதலாளி வைத்துக்கொண்டார்.

மறுநாள் பால் காய்ச்சினார்கள். தங்கையின் மாமியார் சபையில் மிக்ஸியை ஓட்டிப் பார்த்தார். ஓடியது. சாப்பிட்டுவிட்டு மதியப் பஸ்ஸில் பள்ளத்தூர் திரும்பினோம்.