உழவு மிசினும் லாச்சியில் கிடந்த கடிதமும்

உழவு மிசின் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. அது நடு வயலில் நின்றுபோகும்போது வரம்பில் நிற்பவர்கள் சொல்லும் யோசனைகளை எல்லாம் கேட்டுக்கொண்டு இருப்பதுதான் வித்தை. மாரி மழையை நம்பி விதைக்கும் பெரும்போகக் காலத்தில் வன்னியில் மிசின் வைத்திருந்த யாருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. டீசல் நாற்றம் போகாத கை, ஒரே நாளில் நாலு பேருக்குக் கொடுத்த வாக்கு, சேற்றில் இறங்கி ஏற மறுக்கும் சில்லு எல்லாம் உங்களுக்கும் நடந்தவைதான். எனக்கு ஒரு வித்தியாசம் உண்டு. அதற்கு முன் நான் பன்னிரண்டு வருடம் ஓமந்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில், முப்பத்து நாலாவது வயதில், அந்த வேலையை விட்டேன். விட்டேன் என்பதும் முழு உண்மை இல்லை.

லாச்சிக்குள் போன கடிதம்

சுலைமான் நானா வவுனியாவில் நெல் வியாபாரி. அவரிடம் பழைய உழவு மிசின் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு குளத்தின் கீழே குடியேறியவர்களின் வயல்களை அது உழும். என் அக்கா குடும்பமும் அங்கேதான். சித்திரை விடுமுறையில் ஒருநாள் அக்காவின் வரம்பில் நின்ற என்னைப் பார்த்து, "ஏறிப் பாருங்கோ ரீச்சர்" என்று நானா சிரித்துக்கொண்டு பகிடிக்குச் சொன்னார். ஏறினேன். வயலின் மறு தலையில் திரும்பிப் பார்த்தபோது, நான் கடந்து வந்த நிலம் புரண்டு கிடந்தது. பன்னிரண்டு வருடத்தில் செய்த எதையும் என்னால் அப்படித் திரும்பிப் பார்க்க முடிந்ததில்லை. நானா மிசினை விற்று லொறி வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டதும், சீதனத்துக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த நகைகளோடு அவரிடம் போனேன்.

விலகல் கடிதத்தைத் தலைமை வாத்தியாரிடம் கொடுத்தேன். தொண்டை நோ, குடும்ப நிலை, அக்காவின் பிள்ளைகள் என்று ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதியிருந்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து உள்ளே போட்டார். "பெரும்போகம் வெட்டி முடியுமட்டும் இது இதுக்குள்ளை கிடக்கட்டும். அதுமட்டும் சம்பளமில்லாத லீவு எண்டு எழுதுறன். சேறு காய்ஞ்சவுடனை உம்மடை படிப்பிக்கிற கதிரையைத் தேடி வருவீர், அப்ப கதிரை இருக்கும்."

பின்னுக்கு எடுத்தல்

லைசன்ஸ் சோதனைக்குச் சேலையோடு போனேன். வயலில் பழகும்போது அக்காவின் புருசன், அத்தானின் காற்சட்டையும் நீளச் சட்டையும்தான். சேலையின் கொய்யக மடிப்பு ஒருமுறை கிளச்சில் சிக்கியதோடு அந்தப் பாடம் முடிந்திருந்தது. ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் முன் காற்சட்டையோடு போய் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். சோதனை எடுக்க வந்த ஐயா என்னைக் கடந்து போய், துணைக்கு வந்த சுலைமான் நானாவிடம் பேரைக் கேட்டார். நானா என் பக்கம் விரலை நீட்டினார்.

மிசினுக்குப் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவி, இரண்டு தார்ப் பீப்பாக்களுக்கு நடுவே பின்னுக்கு எடுக்கச் சொன்னார். அன்று வந்த ஆண்களில் இரண்டு பேர் பீப்பாவைச் சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டி இடப்பக்கம் போக வேண்டுமென்றால் மிசினை வலப்பக்கம் திருப்ப வேண்டும்; கோணம் தெரிந்தவளுக்கு அது கணக்கு. ஒரே முறையில் எடுத்து நிறுத்தினேன். ஐயா பீப்பாக்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். "பின்னுக்கு எடுக்கத் தெரிஞ்சிருக்கு. முன்னுக்கு எப்பிடியும் போவியள், உங்களை மறிக்க ஏலாது போலை கிடக்கு."

கொப்பி மாறிய கதை

ஒருவரின் வயலை உழப் போய்ப் பக்கத்து வயலை உழாத மிசின்காரர் இருந்தால் கையை உயர்த்துங்கள். என் கை கீழேதான் இருக்கிறது. குடியேற்றத்தில் காணிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். புரட்டாதியில் தம்பிராசா என்பவரின் வயலை அவருடைய பக்கத்து வீட்டுக்காரரின் வயல் என்று நினைத்து உழுதேன். வெறும் வயலென்றால் அவர் மகிழ்ந்திருப்பார். அவரோ முதல் நாள்தான் புழுதியில் விதைத்திருந்தார். புழுதியில் விதைத்த நெல் முளைக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. நான் அதைக் கலப்பையால் ஆழப் புதைத்துவிட்டேன்.

அவர் வந்து வரம்பில் குந்தினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அக்கா வீட்டிலிருந்து விதைநெல் கொண்டுவந்து, நிலத்தைத் திரும்பப் பதப்படுத்தி, அவர் விதைத்து முடிக்கும்வரை கூட நின்றேன். அவருடைய மகன் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். போகும்போது தம்பிராசா கேட்டார்: "பள்ளிக்கூடத்திலையும் இப்பிடித்தானோ ரீச்சர், ஒருத்தன் குடுத்த கொப்பியை விட்டிட்டு மற்றவன்ரையைத் திருத்தினனீங்கள்?"

நாகம்மாவின் முறை

நாகம்மாவின் புருசன் இறந்து நாலு வருடம். மிசின்காரர்கள் அவளுக்கு ஒருபோதும் மாட்டேன் என்று சொன்னதில்லை. நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். அந்த நாளை வரும்போது மழை விழுந்து, மற்றவர்களின் பயிர் கணுக்காலளவு நிற்கும். யாருக்கு எப்போது உழவு என்று நான் பட்டியல் எழுதியபோது அவள் பேரைத்தான் முதலாவதாகப் போட்டேன். பாவம் பார்த்து இல்லை. முதலில் என்னைக் கேட்டது அவள்தான், வேறு யாரும் கேட்க முதல்.

விடிய உழத் தொடங்கி மத்தியானத்துக்கு முன் முடித்தேன். அவள் ஒரு கோப்பை பிளேன்ரீ கொண்டுவந்து தந்துவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒவ்வொரு வருசமும் என்ரை முறை வரமுந்தி மழை வந்திடும். இந்த முறை மழைதான் பிந்திப்போச்சு, என்ன ரீச்சர்?"

கால் படாமல்

உழவு மட்டும் இருந்தால் மிசின் வருடத்தில் முக்கால்வாசி நாள் சும்மா நிற்கும். வெட்டிக் குவித்த கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கும் சூடு அடிப்பும் கிடைத்தால்தான் அது தொழில். சூட்டுக் குவியலிலிருந்து கதிரை இறக்கிக் களத்தில் பரப்பிவிட, மிசின் அதன்மேல் சுற்றிச் சுற்றி வரும். மாடு மிதிக்க இரண்டு நாள் போகும் வேலை ஒரு நாளில் முடியும். ஆனால் வன்னியில் பெண்கள் களத்தில் கால் வைப்பதில்லை. "மிசினை விடுங்கோ, மேலை ஒரு ஆம்பிளையை ஏத்திறம்" என்றுதான் மாசி முழுவதும் எனக்குப் பதில் கிடைத்தது. என் மிசினின் கிளச் என் காலுக்கு மட்டும்தான் அடங்கும். அதோடு, இன்னொருவரை ஏற்றிவிட்டு வரம்பில் குந்தியிருக்க நான் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை. இந்த ஒரு வேலை கிடைக்காவிட்டால் லாச்சியில் கிடக்கும் கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டியதுதான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

குளத்தடியில் வயல் செய்த கந்தையா அண்ணையின் மாடுகள் இரண்டும் காலில் நோய் வந்து படுத்துவிட்டன. வானமும் மூடிக்கொண்டு நின்றது. அவர் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் யோசித்தார். கால்தானே களத்தில் படக் கூடாது. வெளியே வைத்து ஏறி, வெளியே வந்து இறங்கினால் என்ன என்று அவரே கேட்டார். அப்படியே ஏறினேன். மூன்று மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு மிசின் கொதிக்கத் தொடங்கியது. இறங்கவும் முடியாது. வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கும் என் பழைய குரலில், "அண்ணை, தண்ணி முடிஞ்சுது" என்று கூப்பிட்டேன்.

கதிர் பரப்பிய கைகள் எல்லாம் அப்படியே நின்றன. களத்தில் 'முடிஞ்சுது', 'இல்லை', 'காணாது' என்ற சொற்கள் வாயில் வரக் கூடாது; வந்தால் நெல்லும் அப்படியே ஆகிவிடும் என்பது நம்பிக்கை. அங்கே எல்லாவற்றுக்கும் 'பொலி' என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே நின்று அதைப் பல தரம் கேட்டவள்தான் நான். கந்தையா அண்ணை கற்பூரம் கொளுத்திக் களத்தைத் திரும்பக் கும்பிட்டார். நான் மிசினை வெளியே எடுத்தேன். களத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த நாகம்மா தண்ணீர் ஊற்றினாள். திரும்ப உள்ளே போய், பொழுதுபட முதல் அடித்து முடித்தோம். அடுத்த நாள் மத்தியானம் மழை கொட்டியபோது அவருடைய நெல் வீட்டுக்குள் இருந்தது. ஆனாலும் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரீச்சர், உங்கடை காலுக்கு ஒரு வழி கண்டனான். வாயை நினைக்கேல்லை."

கை காட்டியது

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. ஊர் பெரிதல்ல, நான் சொன்ன அந்த ஒரு சொல் மழையைவிட வேகமாகப் போயிருந்தது. ஒரு கிழமை, ஏழு நாளும் மிசினைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். தலைமை வாத்தியார் ஆள் அனுப்பினார்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும், என் இடத்துக்கு இனி ஆள் போட வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை நெளுக்குளத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் சைக்கிளில் வந்தார். சுலைமான் நானா அனுப்பியிருந்தார். இறங்காமல், ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "நீங்கள் சூடு அடிப்பியளாம். கதைக்காமல் அடிப்பியளோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

புதன்கிழமை முழுவதும் வாய் திறக்கவில்லை. வலக்கையை உயர்த்தினால் தண்ணீர். இடக்கையை உயர்த்தினால் கதிரைப் பிரட்டச் சொல்கிறேன். இரண்டு கையும் உயர்ந்தால் வெளியே எடுக்கப் போகிறேன், விலகுங்கள். மத்தியானத்துக்குள் களத்தில் நின்ற எல்லோரும் படித்துவிட்டார்கள். எந்த வகுப்பும் என்னிடம் அவ்வளவு விரைவாகப் படித்ததில்லை. பொழுதுபட வெளியே வந்து இறங்கினபோது, அடுத்த காணிக்காரர் தன் முறையைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். நெளுக்குளத்துக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "உங்களிட்டைப் படிச்ச பெடியன் ஒருத்தன் சொன்னவன், அந்த ரீச்சர் வாய் மூடமாட்டா எண்டு. பொய்க்காரன்."

இரண்டாவது கடிதம்

வெள்ளிக்கிழமை காலை மிசினிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்து நேரே அடுத்த களத்துக்குப் போக வேண்டியிருந்தது. சத்தம் கேட்டு ஏழாம் வகுப்பு முழுவதும் யன்னலுக்கு வந்துவிட்டது. தலைமை வாத்தியார் லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து, என்ன செய்ய என்று கேட்பதுபோல் என்னிடமே நீட்டினார். அனுப்புங்கோ சேர் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் என் ஐந்து விரலும் கிறீஸோடு தாளில் பதிந்துவிட்டன. இந்தக் கோலத்தில் இதைக் கல்விக் கந்தோருக்கு அனுப்ப முடியாது என்றார். அவர் அதைக் கவலையாகச் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. வேறு தாள் தந்தார். கையைக் கழுவிக்கொண்டு, என் பழைய கதிரையில் இருந்துகொண்டு திரும்ப எழுதினேன். முதல் கடிதத்தை எழுத எனக்கு ஒரு கிழமை பிடித்தது. இது தாள் எடுத்த கையோடு முடிந்தது: 'நான் இப்போது உழவு மிசின் ஓட்டுகிறேன், ஆகவே ஆசிரியப் பணியிலிருந்து விலகுகிறேன்.'

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் பார்த்தார். பிறகு பழையதைக் கிழித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு, லாச்சியைச் சாத்தினார். "முதல் கடிதத்திலை ஒரு பக்கத்துக்குக் காரணம் இருந்தது, அதுதான் நான் அனுப்பேல்லை. இதிலை ஒரு வரிதான் கிடக்கு, இதை இண்டைக்கே அனுப்புறன்."

பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் வாயை மூடச் சொல்லிச் சீவித்த நான் அதன் பிறகு களத்தில் என் வாயை மூடிச் சீவித்தேன் என்பதைத் தவிர, என் இரண்டு தொழிலுக்கும் சொல்லும்படி பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.