சாமி தூக்குகிறவரின் உபரி எலும்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். படம் எடுப்பது என் வேலை, பார்த்துச் சொல்வது டாக்டரின் வேலை. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒருநாளும் உடன்பாடு இருந்ததில்லை.

கோயில் உற்சவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சாமி தூக்கும் ஒருவர் இடது காலை நொண்டிக்கொண்டு வந்தார். படிக்கட்டில் கால் பிசகிவிட்டது. பல்லக்கின் முன் தண்டில் அவர் தோளுக்கென்று ஓர் இடம் உண்டு. உயரம் பார்த்து ஜோடி சேர்த்த இடம். படத்தில் கணுக்காலுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு தனியாக நின்றது. டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். "எலும்பு உடைஞ்சிருக்கு. மாவுக்கட்டு. ஆறு வாரம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு வாரமா? என் பொண்டாட்டி தம்பி அந்த எடத்துக்குத்தான் காத்துக்கினு கீறான் சார். ஒரு தபா தோள் குடுத்தான்னா அப்புறம் எறங்க மாட்டான்."

எனக்கோ அது உடைந்த துண்டாகத் தோன்றவில்லை. உடைந்த எலும்பின் விளிம்பு பிய்த்த ரொட்டி மாதிரி இருக்கும். இது நாலாபுறமும் வழுவழுவென்று, வெள்ளைக் கோடு போட்டு மூடியதுபோல் இருந்தது. அந்த இடத்தை அழுத்தினேன், வலிக்கவில்லை என்றார். வீக்கமெல்லாம் வெளிப்பக்கம். டாக்டர் அடுத்த நோயாளியிடம் போன நேரத்தில், கேட்காமலே வலது காலையும் எடுத்துவிட்டேன். அங்கேயும் அதே இடத்தில் அதே புளியங்கொட்டை! இரண்டு படங்களையும் அருகருகே மாட்டினேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். ஃபிலிமை வீணடித்ததாக என்னைத் திட்டினார். பிறகு, சுளுக்குதான், துணிக்கட்டு போதும் என்றார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். என் கண்ணின் கூர்மை நொண்டி வந்தவருக்குத் தெரியாமல் போய்விடுமே என்ற கவலை. "வளர்றப்பவே தனியா நின்னுட்ட எலும்பு. சில பேருக்குத்தான் இருக்கும்" என்று விளக்கி, படங்களையும் கொடுத்தனுப்பினேன்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார். கால் நேராகியிருந்தது, முகம்தான் கோணியிருந்தது. பெருமையில் ஊரெல்லாம் படத்தைக் காட்டியிருக்கிறார். மச்சான் பிடித்துக்கொண்டான். ஆறு விரல்காரன் பூஜை செய்ய முடியுமா? எலும்பு அதிகமுள்ளவன் மட்டும் எப்படிச் சாமி தூக்கலாம்? கூடத் தூக்குகிறவர்களும் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"பேஜாராப் போச்சு சார். அந்த எலும்பு இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு."

காக்களூர் பட்டறைகளிலிருந்து வருகிறவர்கள் லீவுக்காக இல்லாத முறிவைச் சேர்க்கச் சொல்லி மன்றாடுவார்கள். இருக்கிற எலும்பை எடுத்துவிடச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நியாயமாக என்மேல் வர வேண்டிய கோபம், மச்சான்மேல் போயிற்று. "அவன் காலு மட்டும் சுத்தமா? இட்டுக்கினு வா, பார்க்கலாம்" என்றேன்.

மச்சான் சவாலாகவே வந்தான், இரண்டு கால்களையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு. படத்தில் கணுக்காலுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அடுத்து பாதங்களை மேலிருந்து படமெடுத்து, கழுவிய ஃபிலிமை ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் பிடித்தேன். உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால், பட்டாணிபோல் ஒன்று. இரண்டு பாதங்களிலும்! என் வாழ்நாளில் எந்த எலும்பைப் பார்த்தும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மச்சான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "இத்த ஆபரேசன் பண்ணி எடுத்துட முடியுமா சார்?" என்றான் மெதுவாக.

கூடவே வந்திருந்த சாமி தூக்குகிறவர் சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. படம் காயும்வரை உட்கார்ந்திருந்து, சுருட்டி அவன் கையில் கொடுத்தார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மச்சான். நீ இன்னா சொல்லப்போற?"

உற்சவத்தன்று வீதியோரம் நின்றேன். முன் தண்டில் அவர் தோள், அவர் இடத்திலேயே இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பக்கத்தில் நின்றவர் என் காதருகே வந்தார். "தெரியுமா சார், எவனோ எக்ஸ்ரேக்காரன் கை அழுக்கைப் படத்துல ஒட்டிட்டு, எலும்பு ஜாஸ்தின்னுட்டானாம். அவர் மச்சான்தான் நேரா போய்க் கண்டுபுடிச்சினு வந்தானாம்."

"இந்த மாதிரி ஆளையெல்லாம் வேலைக்கு வெச்சிருக்காங்க பாருங்க" என்றேன்.