குழாயடியில் வாசித்த தொடர்கதை

“படிச்ச பொண்ணுக்குக் கடைசியில கிணறுதான்” என்று என் அத்தை ஒருமுறை சொன்னாள். இன்று பாசாரில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அது நினைவுக்கு வந்தது. மடித்திருந்தது பழைய வாரப் பத்திரிகைத் தாளில். உப்பு ஊறிய அச்சு மைக்கு ஒரு வாடை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அது நான் வளர்ந்த சுங்கை பினாங் குழாயடியின் வாடை.

எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே குழாய். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் பத்திரிகை வருகிற அன்று எனக்குத் தண்ணீர் தூக்கும் வேலை கிடையாது. பெண்கள் குடம் நிரப்ப, நான் துவைகல்லில் மகாராணி மாதிரி உட்கார்ந்து தொடர்கதை வாசிப்பேன்.

கதையில் ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் பெண்களுக்கு அது கதையே அல்ல, செய்தி. கப்பல் வருகிற நாளையும் அரிசி விலையையும் போடுகிற தாள், இதில் மட்டும் பொய் சொல்லுமா? கடைசிப் பகுதியில் அந்தப் பெண் எவனையோ நம்பிக் கெட்டு, கிணற்றில் விழுந்து செத்தாள். அத்தை மூக்கைச் சிந்தியபடி தன் தீர்ப்பைச் சொன்னது அப்போதுதான். அம்மா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

“நாளையிலேர்ந்து நீ பள்ளிக்கூடம் போக வேணாம்.”

“இது கதைம்மா. ஒருத்தர் வீட்டுல உக்காந்து எழுதினது.”

“பொய்யப் போய் எவனாச்சும் அச்சடிப்பானாடி?”

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம்.

“அவ விழுந்தப்ப அங்க ஒரு ஈ காக்கா இல்லன்னு போட்டிருக்கே. அப்புறம் இத எழுதின ஆளுக்கு எப்படித் தெரிஞ்சிச்சாம்?”

குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காதான் மெல்ல வாயைத் திறந்தாள்: “அதானேலா... இவனே தள்ளி விட்டுருப்பானோ?”

“படுபாவி!” என்றாள் அம்மா. மறுநாள் காலை எனக்குத் தலை பின்னும்போதும் எழுதியவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குத்தான் பின்னினாள்.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய். பாக்கியம் அக்கா ஏதோ ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பத்திரிகையும் நின்றுவிட்டது. ஒரே தாளைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுகிற பெண்களை நான் எங்கும் காணவில்லை.

படித்த பெண்ணைச் சாகடிக்கிற கதைகள் மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஆகவே நானே ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினேன். முதல் பகுதி போன வாரம் வேறொரு பத்திரிகையில் வந்தது, என் சொந்தப் பெயரில். இரண்டாவதை இன்று காலை பாசாருக்குப் போகிற வழியில் அச்சுக்கூடத்தில் கொடுத்துவிட்டேன். அதில் என் கதைப் பெண் பரீட்சையில் தேறிவிட்டாள். ஆசிரியை வேலையில் சேர, அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போகிற படகில் ஏறியும்விட்டாள்.