எல்லா நாற்காலிக்கும் கேட்ட பாட்டு

புதுச்சேரியில் சின்னச் சின்ன ஹால்களுக்கு சவுண்ட் செட் பண்ணிக்கொண்டிருந்தேன். "பொண்ணுக்கு எதுக்கு ஒயர் வேலை?" என்பார்கள். கண்டுகொள்ள மாட்டேன். மேடையில் ரெண்டு பெரிய பாக்ஸ் வைத்து அலறவிடுவது எனக்கு ஆகாது. சுற்றிலும் சின்ன ஸ்பீக்கர்கள் வைத்து, பாடுகிறவர் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல் கேட்க வைப்பேன். பிரவுசிங் சென்டரில் தேடித்தேடிக் கற்றது.

அந்த ஹால் கச்சேரிகளில் பாடுவது ஜெரால். மதியம் ஆளில்லாத ஹாலில் நான் ஒவ்வொரு நாற்காலியாக மாறி உட்கார, அவன் ஒரே காதல் வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவான். "இங்க கேக்குதா?" என்பான். எல்லா நாற்காலியிலும் எனக்காகத்தான் பாடுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். சொன்னதில்லை.

பிரெஞ்சு நேஷனாலிட்டிப் பெண்ணை நிச்சயம் பண்ணிக்கொண்டு, பாரிஸ் போகுமுன் கடைசியாக ஒரு கச்சேரி வைத்தான். கூட்டம் நெரிந்ததால் சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரை வெளியே நடையில் போட்டுக்கொண்டேன். மதியம் வைத்த அளவுகளை நம்பினேன்.

அதே வரி. முன்வரிசையில் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். வரி முடிந்ததும் ஜெரால் கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்து, "உனக்குக் கேக்குதா?" என்றான். வாயசைவில்தான் புரிந்தது. ஸ்பீக்கர் எல்லாம் நாற்காலிகளைப் பார்த்துத்தான்; நடையில் ஃபேன் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

இப்போதும் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆனால் யாரையும் பாடச் சொல்வதில்லை. சிடி போட்டுக்கொள்கிறேன்.