பிலிமில் விழுந்த இரண்டு துளைகள்

கத்தி தோல்வாரில் முன்னும் பின்னுமாகப் போய்வந்தது. இருபது இழுப்பு ஆனதும் கைகள் நின்று, நகத்தில் கூர் பார்த்து, மறுபடி இழுத்தன.

ரத்தினசாமி பெருமாட்டி என்ற ஊர்க்காரர். கேரள எல்லையோர ஆஸ்பத்திரி ஒன்றில் சீசா கழுவ வந்து, ஆபரேஷனில் எடுத்த சதையை மைக்ராஸ்கோப்புக்காக மெல்லிசாகச் சீவப் பார்த்துப் பார்த்தே பழகியவர். பதினான்கு வருஷமாக அவர் சீவலில் கிழிசல் இருந்ததில்லை. 1974இல் அதே வேலைக்கு டிப்ளமோவோடு இன்பமேரி வந்தாள்.

டாக்டர் அர்த்தநாரிக்கு ஒரு சந்தேகம். சதையில் ஊறும் ஒரு சாறு பிலிமின் பசையைக் கரைக்கும். அது நல்ல சதையைவிடப் புற்றுக்கட்டியில் அதிகமா? ஒரே ஆளின் கட்டியையும் பக்கத்து நல்ல சதையையும் சீவி, கறுத்த எக்ஸ்ரே பிலிமில் ஒட்டி, ஈரத்தோடு வெதுவெதுப்பில் வைக்கச் சொன்னார். சாறு தின்ற இடத்தில் கறுப்பு போய் வெளிச்சம் தெரியும். தேறும் பிலிம் ஜோடி, செய்தவர் பெயரோடு கோயமுத்தூர் டாக்டர்கள் கூட்டத்துக்குப் போகும்.

இன்பமேரியின் கட்டி பட்டாணி அளவு துளை போட்டது. ரத்தினசாமியின் பிலிமில் ஒன்றுமில்லை. அவள் சீவல் ஓரமெல்லாம் பிசிறு. துளையை ஊசியால் சுரண்டியிருப்பாள் என்று வாட்ச்மேனிடம் சொல்லிப் பார்த்தார். அப்போதும் நெஞ்செரிச்சல் அடங்கவில்லை.

அடுத்த தடவையும் வழக்கம்போல் அவர் சதையை, கெடாமலிருக்க, ஃபார்மலினில் போட்டபோது இன்பமேரி சிரித்தாள்.

"ஏனுங்கண்ணா, ஊறுகாய் போட்டுட்டா அது எப்படிங்க திங்கும்?"

மறுநாள் ரத்தினசாமி ஃபார்மலின் சீசாவைத் தொடாமல், பச்சைச் சதையை உறையவைத்துச் சீவினார். கட்டி, நல்ல சதை இரண்டின் பிலிமையும் ஒன்றாக வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றாக எடுத்தார். கட்டி பெரிய துளை போட்டிருந்தது. நல்ல சதையும் கடுகளவு போட்டிருந்தது. இன்பமேரியின் பிலிமில் அந்தச் சின்னத் துளை இல்லை. ஏன் என்று அவள் நேரம் குறித்த நோட்டைப் புரட்டினார். பஸ் பிடிக்கும் அவசரத்தில் நல்ல சதையை மட்டும் அரை மணியில் எடுத்திருந்தாள். அன்று அவருக்குச் சோறு ருசித்தது.

டாக்டர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்ல சதையுமா திங்குது?"

"திங்குதுங்க. கம்மியாத் திங்குதுங்க. அந்தப் புள்ள பாதியிலயே எடுத்துருச்சுங்க."

"பச்சையா வெக்கணும்னு உனக்கு ஆரப்பா சொன்னது?"

ரத்தினசாமி கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியை இன்னொரு தரம் துடைத்தார்.

"அந்தப் புள்ளதானுங்க."

"அப்ப ரெண்டு பேரையும் எழுதிக் குடு."

பிலிம் உறையில் தன் பெயரை மையால் எழுதினார். மை காய்ந்ததும் அதற்குக் கீழே பென்சிலால் இன்பமேரி என்று எழுதி, டாக்டரிடம் நீட்டினார்.